கஞ்சி வேகும் நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் நடை

கோலாலம்பூரில் மார்கழிக் குளிர் கிடையாது. விடியற்காலையில்கூட வெப்பம் 23 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்குக் குளிர்காலம் என்றால் அது மழைக்காலம்தான். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். அதில் நவம்பர் கனத்த மாதம். காலையில் வானம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். மதியம் வெக்கை ஏறும். மூன்று, நான்கு மணிக்கு இடி இறங்கும். இந்த மழை ஓரளவு நேரம் பார்த்து வருகிற மழை என்பதால், நடையைக் காலைக்கும் ரசத்தை மாலைக்கும் வைத்துக்கொண்டால் இந்த மூன்று மாதமும் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை.

நவம்பரில் சூரியன் ஏழு மணியை ஒட்டி எழும். பிப்ரவரியில் ஏழு இருபத்தைந்து ஆகிவிடும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியதால் நமக்கு வெளிச்சம் இப்படித் தாமதமாக வருகிறது. ஈரத் தரையில் இருட்டில் நடப்பது ஆபத்து. ஏழேகாலுக்குக் கிளம்பினால் போதும்.

கிளம்புமுன் கஞ்சியை ஏற்றிவிட வேண்டும். நான்கு பேருக்கு ரைஸ் குக்கர் கப்பில் முக்கால் கப் குறுணை, இரண்டு மேசைக்கரண்டி வறுத்த பாசிப்பருப்பு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஐந்து பல் பூண்டு, கட்டைவிரல் நுனியளவு இஞ்சி, ஏழு கப் தண்ணீர். குறுணை இல்லையென்றால் பச்சரிசியைக் கையால் நொறுக்கிக்கொள்ளலாம். அரிசியை நான்கு தண்ணீர் கழுவி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட வேண்டும். கழுவாத அரிசியின் மாவுதான் நுரையாகி மூடி ஓட்டை வழியே வழிகிறது. எண்ணெய் அந்த நுரையை உடைக்கும். பானை பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கஞ்சிக்கென்று நேரக் கணக்கோடு தனிப் பொத்தான் இருக்கும் குக்கரை மட்டுமே விட்டுவிட்டு வெளியே போகலாம். ஒற்றைப் பொத்தான் குக்கர், பானையின் அடி நூறு பாகையைத் தாண்டினால்தான் தானாக நிற்கும். தண்ணீர் இருக்கும்வரை அடி அந்தச் சூட்டைத் தாண்டாது. ஆகவே கஞ்சி நிற்காமல் கொதித்து, மேடையெல்லாம் வழிந்து, கடைசியில் அடிபிடிக்கும். அப்படிப்பட்ட குக்கர்தான் வீட்டில் இருக்கிறது என்றால் வாயகன்ற சுடுநீர்க் குடுவை நல்லது. அரிசி, பருப்பு, வெந்தயத்தை இரவே ஊறவைத்து, காலையில் ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்த குடுவையில் விளிம்புவரை ஊற்றி மூடுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் குழைந்திருக்கும். குடுவையில் காலி இடம் விட்டால் சூடு தங்காமல் அரிசி நறுக்கென்று நிற்கும்.

நடைக்குப் பிரிக்பீல்ட்ஸ் பேட்டையில், மோனோரயில் நிலையத்தருகே துன் சம்பந்தன் சாலையில் தொடங்கி, விவேகானந்தா ஆசிரமத்தைக் கடந்து, ஸ்காட் சாலைப் பக்கம் கந்தசுவாமி கோயில் வரை போய்த் திரும்பலாம். நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். 1881-இல் நெருப்பும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்பு (ஓலைக் கூரை) வீடுகளையும் அழித்த பிறகு, செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்றானது. அந்தச் செங்கல் இங்கே இருந்த சூளைகளில் வெந்தது. பிரிக்பீல்ட்ஸ், அதாவது ‘செங்கல் வயல்கள்’, என்ற பேட்டையின் பெயரும் அதிலிருந்தே வந்தது. இரயில்வே வேலைக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது கந்தசுவாமி கோயில். பெர்ஹாலா சாலையில் சிங்களவர்கள் 1894-இல் தொடங்கிய பௌத்த மகா விகாரை இருக்கிறது. திரும்பும்போது அந்த வழியாக வந்தால் வாகன இரைச்சல் குறையும்.

கண்ணை மேலே வைத்து நடக்கும் பேட்டை இல்லை இது, அதுவும் மழை மாதத்தில். அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையில், ஒவ்வொரு கடைக்கும் ஒரு தரை: ஒன்று சிமெண்டு, அடுத்தது வழவழ ஓடு, அதற்கடுத்ததற்கு ஒரு படி உயரம். வழுக்குவது பெரும்பாலும் இரண்டு தரை சேரும் இடத்தில்தான். பூக்கடைகளின் முன்னால் இதழும் தண்ணீரும் சேர்ந்து கிடக்கும். சாக்கடை மேலுள்ள இரும்புக் கம்பி மூடியில் குறுக்காகக் கால் வைக்கவும். கம்பியின் நீளவாக்கில் வைத்தால் செருப்பு சறுக்கும். ஜப்பான் சிலிப்பர் (விரலிடைப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு) வேண்டாம். அடியில் ஆழமான வெட்டு உள்ள ரப்பர் காலணி போதும், விலை கூடியதாக இருக்க வேண்டியதில்லை.

நடைபாதையில் மஞ்சளாக, புடைத்த கோடும் புள்ளியுமாக ஓடு பதித்திருப்பார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பேட்டையில்தான் இருக்கிறது. வெண்கோலோடு பலர் தினமும் இந்தக் கோட்டைப் பிடித்துத்தான் நடக்கிறார்கள். கோடு என்றால் நேரே போகலாம், புள்ளி என்றால் நின்று கவனிக்க வேண்டும். மழைக்கு ஒதுங்கும்போது அந்த ஓட்டின் மேல் நிற்காதீர்கள். விரித்த குடையைக் காய வைக்காதீர்கள், மோட்டார் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். மழை இரைச்சலில் அவர்களுக்கு வாகனச் சத்தம் சரியாகக் கேட்காது. அன்றைக்கு அந்தக் கோடு மட்டும்தான் துணை.

இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடி ஆகாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் காலை விட நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே ஏறிவிடும். நனைந்த காலணியின் உள்அட்டையை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாளைக்கு ஆகும்.

வீடு திரும்பியதும் கஞ்சியில் உப்பும் அரைக் கப் தேங்காய்ப் பாலும் சேருங்கள், ஆனால் கொதி அடங்கிய பிறகு. கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்து எண்ணெய் மிதக்கும். கெட்டியாகிவிட்டால் வெந்நீர்தான் விட வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் கஞ்சி வேறு, நீர் வேறாக நிற்கும்.

தொட்டுக்கொள்ள நெத்திலிச் சம்பல். வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரைப் படகுகள் பல நாள் கடலுக்குப் போகாது. பசாரில் மீன் விலை ஏறும். உலர்ந்த நெத்திலிக்கு இதுதான் மாதம். நூறு கிராம் நெத்திலியை ஒரு தடவை அலசி, துணியில் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகே பொரிக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும், மொறுமொறுப்பும் வராது. பத்துக் காய்ந்த மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் கால் மணி ஊறவைத்து, எட்டுச் சின்ன வெங்காயம், அரைத் தேக்கரண்டி பெலாச்சானோடு (புளிக்கவைத்த இறால் விழுது) அரையுங்கள். விழுதைச் சிறு தீயில் எண்ணெய் பிரிந்து நிறம் கறுஞ்சிவப்பாகும்வரை, பதினைந்து நிமிடமாவது கிளறுங்கள். பலர் தவறுவது இங்கேதான். ஐந்து நிமிடத்தில் இறக்கிய சம்பலில் மிளகாயின் பச்சை வாடை அடிக்கும், வயிற்றையும் எரிக்கும், மறுநாளே புளித்துப்போகும். நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு தேக்கரண்டி சீனி சேர்த்துச் சுண்டியபின், நெத்திலியைப் பரிமாறும் நேரத்தில் போடுங்கள். கொஞ்சம் முருங்கைக் கீரை இருந்தால் மூடி போடாமல் நான்கு நிமிடம் வதக்கினால் பச்சை நிறம் மாறாது.

மாலை மழைக்கு மிளகு ரசம். சரவாக் கருமிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, பூண்டு ஆறு பல். இடித்தது கொரகொரப்பாக இருக்கட்டும். இரண்டு கப் புளிக்கரைசலில் இரண்டு தக்காளியைப் பிசைந்து, மஞ்சள் தூளும் உப்பும் போட்டு, பச்சை வாடை போகும்வரை ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு இடித்ததையும் ஒன்றரைக் கப் பருப்புத் தண்ணீரையும் சேர்த்து, ஓரத்தில் நுரை கூடி மேலெழும்போதே இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் மிளகின் மணம் ஆவியோடு போய்விடும், கசப்பும் காரமும்தான் மிஞ்சும். நெய்யில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து ஊற்றி, மல்லித்தழை தூவி உடனே மூடுங்கள். அப்பளத்தை மட்டும் கடைசியாகப் பொரியுங்கள். இந்த ஈரக்காற்றில் பத்து நிமிடம் வெளியே இருந்தாலே நமுத்துவிடும்.