குழலைக் கேட்டுவிட்டுக் கையைத் தூக்குங்கள்: இசைத்துறை நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு

உதவிப் பேராசிரியர் நேர்காணலின் முடிவு நேற்று மாலை வந்தது. பட்டியலில் பெயர் இருக்கிறது. படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிட நினைக்கிறேன். நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) முடித்துவிட்டு, இசை வரலாறும் நடத்தி மாணவர் வாத்தியக் குழுவையும் பார்த்துக்கொள்ளும் உதவிப் பேராசிரியர் பணிக்கு சென்னையில் முயல்கிறவர்களுக்கு இது. தாள்களின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். நேர்காணலில் 15 நிமிடம் மாதிரி வகுப்பு, 20 நிமிடம் ஒத்திகை. எல்லோரும் வகுப்புக்கே தயார் செய்கிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது ஒத்திகை. அதிலும் சுருதி.

நான்கு வயலின், இரண்டு வீணை என்றால் வயலினில் 16, வீணையில் 14, ஆக 30 தந்தி. 20 நிமிடத்தில் இதைச் சேர்த்து முடிக்கவே பாதி நேரம் போய்விடும். எந்தக் கட்டை (ஆதார ஸட்ஜத்தின் உயரம்) என்று முடிவு செய்யாமல் "சேர்த்துக்கோங்க" என்று சொன்னால், ஆளுக்கொரு கட்டையில் சேர்த்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அதனால் அறைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி புல்லாங்குழல் மாணவரிடம்: "தம்பி, பையில என்னென்ன கட்டைக் குழல் இருக்கு?" "அஞ்சு இருக்கு சார், நாலரையும் இருக்கு" என்றால் நாலரையை எடுக்கச் சொல்லுங்கள். மூங்கிலில் போட்ட துளையை மாற்ற முடியாது. தந்தியை முறுக்கலாம். வீணை மூன்று முதல் நாலரைக் கட்டைக்குள் நிம்மதியாக நிற்கும். அதையும் ஐந்துக்கு இழுத்தால் சாரணி, அதாவது வாசிக்கும் முதன்மைத் தந்தி, அறுந்துபோகும் அபாயம் உண்டு. அறுந்தால் அந்த ஒத்திகையில் அந்த வீணை அவ்வளவுதான்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இந்த வரிசையைச் சொல்கிறது: குழலின் வழி யாழ், யாழின் வழி தண்ணுமை என்னும் தோல் கருவி, அதன் பின் முழவு, முழவோடு ஆமந்திரிகை என்னும் வாத்தியம். மாறாத சுருதி முதலில், மாற்றக்கூடியவை அதன் பின்னால் என்றே நான் இதை வாசிக்கிறேன். தேர்வுக் குழு "ஏன் குழலிலிருந்து தொடங்கினீர்கள்?" என்று கேட்டால் வரலாறும் ஒத்திகையும் ஒரே பதிலில் வந்துவிடும். இதற்காகவே இந்தப் பகுதியை உரையோடு படித்துவிட்டுப் போங்கள்.

மிருதங்கத்தில் மட்டும் வரிசை கொஞ்சம் மாறும். சேர்ப்பது கடைசியில்தான், ஆனால் கட்டையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வலந்தலையின் (வலக்கையால் வாசிக்கும் முகம்) விளிம்புப் பின்னலை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். இப்படிச் சுற்றிலும் தட்டி, எல்லாப் பக்கமும் ஒரே ஒலி வரச் செய்ய நிமிடங்கள் பிடிக்கும். ஒரு கட்டைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மெனக்கெடாதீர்கள், வேறு மிருதங்கம் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஏசி. சென்னையில் வெளியே 34 டிகிரி, உள்ளே 24. குளிர்ந்த காற்றில் குழலின் சுருதி இறங்கும். டிகிரிக்கு 3 சென்ட் (சுருதியை அளக்கும் நுண்ணிய அலகு) வீதம் 10 டிகிரிக்கு ஏறத்தாழ 30 சென்ட், அதாவது அரைக்கட்டையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. வாசிப்பவரின் மூச்சுச் சூட்டில் கொஞ்சம் ஈடாகும். உலோகத் தந்தி குளிரில் சுருங்கி ஏறும். மிருதங்கத் தோல் ஏசியில் காய்ந்து இறுகி அதுவும் ஏறும். ஆக, வராந்தாவில் சேர்த்துவிட்டு உள்ளே போனால் குழல் ஒரு பக்கமும் மற்றவை எதிர்ப் பக்கமும் நகர்ந்திருக்கும். வாத்தியங்களைப் பத்து நிமிடமாவது அறைக்குள் வைத்த பிறகு சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். குழலை இரண்டு நிமிடம் ஊதிச் சூடேற்றச் சொல்லுங்கள்.

உட்காரும் வரிசையில் ஒரு சிக்கல். கச்சேரி மேடையில் மிருதங்கம் பாடுபவரின் வலப்பக்கம், வலந்தலை சபையைப் பார்க்க இருக்கும். நடத்துகிறவர் சபைக்கு முதுகு காட்டி நிற்பதால் அதே மிருதங்கம் உங்கள் இடக்கை பக்கம் வரும். வரைபடம் போடச் சொன்னால் பலர் இங்கேதான் தலைகீழாகப் போடுகிறார்கள். வீணை ஒலி மெல்லியது, நடுவில் முன்வரிசை. குழல் அதன் பின்னால். வயலின்கள் உங்கள் வலக்கை பக்கம்.

கை அசைவுக்கு மேற்கத்திய முறையைக் காட்டாதீர்கள். நம் மாணவர்களின் கண்ணுக்குத் தட்டும் வீச்சும்தான் பழக்கம். ஆதி தாளம் என்றால் அதன் அங்கங்களான லகுவையும் இரண்டு துருதத்தையும் வலக்கையில் தெளிவாகப் போடுங்கள், எடுப்பை (பாட்டு தொடங்கும் இடத்தை) இடக்கையில் காட்டுங்கள். அனாகத எடுப்பானால், அதாவது தாளம் தொடங்கிய பின் பாட்டு தொடங்கினால், சமத்தை (தாளத்தின் முதல் தட்டை) தட்டிய பிறகுதான் இடக்கை இறங்க வேண்டும். இரண்டு கையும் சேர்ந்து இறங்கினால் பாதிப் பேர் சமத்திலேயே வில்லைப் போட்டுவிடுவார்கள்.

உருப்படித் தேர்வு உங்கள் கையில் என்றால் நோட்டுஸ்வரம். முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835) மேற்கத்திய மெட்டுகளுக்கு சாகித்யம் செய்தவை, நாற்பதுக்குக் கிட்ட இருக்கின்றன. "சந்ததம் பாஹிமாம்" இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டு, மூன்றெண்ணிக்கை. கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) இல்லாததால் நான்கு வயலினும் ஒரே குரலாக வரும். தோடி ராகத்தை எடுத்தால் ஒவ்வொருவருடைய காந்தாரமும் (க ஸ்வரம்) அவரவர் குருவழிப் பாடாந்தரப்படி அசையும், 20 நிமிடத்தில் அதை ஒன்றாக்க முடியாது. எந்த ஸ்வரத்தில் வில்லைத் திருப்ப வேண்டும் என்று நோட்டேஷனிலேயே குறித்து, ஆளுக்கொரு நகல் கொடுங்கள்.

மாதிரி வகுப்புக்குச் சுருக்கமாக:

- காலவரிசை: பிருஹத்தேசி, சங்கீத ரத்னாகரம் (13ஆம் நூற்றாண்டு), ஸ்வரமேளகலாநிதி (1550), ராகவிபோதம் (1609), சதுர்தண்டி பிரகாசிகை (17ஆம் நூற்றாண்டு), சங்கீத சம்பிரதாய பிரதர்சினி (1904), கருணாமிர்த சாகரம் (1917).
- முதல் மேளத்தின் பெயர்: கனகாம்பரி வேங்கடமகி மரபு, கனகாங்கி சங்கிரக சூடாமணி மரபு. இதில் தடுமாறினால் அடுத்த கேள்வி உறுதி.
- நாட்டிய சாஸ்திரத்தின் வாத்தியக் குழுவுக்குப் பெயர் குதபம். நம் பழைய சொல் பல்லியம். இரண்டையும் சொல்லுங்கள்.
- ஆகாசவாணியின் வாத்தியக் குழுவான வாத்திய விருந்தா, டெல்லி, 1952. டி.கே.ஜெயராம ஐயரும் ரவிசங்கரும் நடத்தினார்கள்.
- 15 நிமிடத்தில் ஒலிப்பதிவு ஒன்றே ஒன்று, 40 வினாடிக்குள்.

வகுப்பு எப்படி எடுப்பது என்று பழக, மார்கழியில் மியூசிக் அகாடமியின் காலை லெக்-டெம்களுக்கு (பாடிக் காட்டி விளக்கும் உரைகள்) போய் உட்காருங்கள். நல்ல பேச்சாளர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுப் பாடிக் காட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் பயிற்சி வகுப்பு தேடி அலைவதைவிட இது மேல்.

கடைசியாக, தம்புரா செயலி ஓடும் போனை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். ஒத்திகை நடுவில் அழைப்பு வந்தால் சுருதி நின்றுபோகும், மாணவர்கள் எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள்.