சயாம் இல்லை, ஐயா

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில் நம் பூகோள ஆசிரியர் காலமான செய்தி கிடைத்தது. அவருக்கு வயது 91. நம் தோட்டப் பள்ளியின் இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி குழுவினர் என்னைக் கேட்டு ஏழெட்டு மாதங்கள் ஆகியிருந்தன. தண்டவாள மணி, புதன்கிழமை விளக்கெண்ணெய், கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு ஜம்பு மரம் என்று எல்லாரும் எழுதுவதையே நானும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அழைப்பு வந்த பிறகு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. யாரென்று உங்களுக்குத் தெரியும்.

அவர் வரைந்த உலகத்தின்மேல் நாம் எல்லாரும் நின்றிருக்கிறோம். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து தோட்டத்து ஆட்கள் மலைக்காட்டுக்கும் நிரைக்கும் பிரிந்து போகும் நேரத்திலேயே பள்ளிக்கு வந்து, கூடத்துச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, வடகிழக்கு மூலையில் பெரிங் நீரிணையிலிருந்து சுண்ணக்கட்டியை இழுக்கத் தொடங்குவார். சீனா, இந்தோசீனா, கையகல மலாயா, இந்தியா, அரேபியா என்று கரையோரமாகவே வரும் கோடு கருங்கடலைச் சுற்றியதும் நின்றுவிடும். மலாயாவை மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாகப் போடுவார். நம் ஊர் நமக்கே தெரியாமல் போனால் எப்படி என்பது அவர் நியாயம். கருங்கடலுக்கு வடக்கே ஆர்க்டிக் கடல் வரைக்கும் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே வெறும் சிமெண்டுதான் கிடக்கும். பாடநூலில் யூரல் மலை என்று போட்டிருக்கிறதே என்று ஒருமுறை நான் கேட்டதற்கு, "கடல் பிரித்த இடத்தில் நான் கோடு போடலாம் தம்பி, மனிதன் பிரித்த இடத்தில் அவனே வந்து போட்டுக்கொள்ளட்டும்" என்றார். பிறகு ஆளுக்கொரு நாடாக நம்மை நிறுத்துவார். எனக்குக் கால்கள் நீளம் என்பதால் துருக்கி என் பங்காக வந்தது. ஒரு கால் ஆசியாவிலும் ஒரு கால் ஐரோப்பாவிலுமாக, பாடம் முடியும்வரை அகட்டி நிற்க வேண்டும். அதனால் கிடைத்த 'இரண்டுங்கெட்டான்' பட்டத்தை உங்களில் சிலர் வாட்ஸ்அப்பில் இன்னும் விடவில்லை.

நில அளவைத் தொழிலுக்கு வந்து வரைபடங்களோடு காலந்தள்ளத் தொடங்கிய பிறகுதான் அந்த வெறுஞ்சிமெண்டு எவ்வளவு நேர்மையானது என்று எனக்கு விளங்கியது. ஒரே நிலமாகக் கிடக்கும் பூமிக்கு மூன்று பெண்களின் பெயர்களை ஏன் சூட்டினார்கள் என்பது தமக்குப் புரியவில்லை என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். பழங்கிரேக்கர் பலருக்கு ஆசியாவின் எல்லை டான் ஆறு. அதை யூரல் மலைக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஸ்ட்ராலென்பெர்க் என்னும் சுவீடன் படை அதிகாரி. 1709 இல் பொல்டாவாப் போரில் ருஷ்யர்களிடம் பிடிபட்டு, சைபீரியாவில் கைதியாக இருந்தபோது அந்நாட்டைப் படித்து, 1730 இல் நூலாக வெளியிட்டவர். ஒரு போர்க்கைதி சொன்ன கோட்டைத்தான் நாம் மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருந்தோம்.

1963 ஆம் ஆண்டு நான் ஆறாம் வகுப்பு. ஆகஸ்ட் 31 என்றிருந்த மலேசியா நாள், சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐக்கிய நாடுகள் சபை கேட்டறிய வேண்டியிருந்ததால் செப்டம்பர் 16 க்குத் தள்ளிப்போனது நினைவிருக்கும். மறுநாள் நம் ஆசிரியர் கரும்பலகையில் 'மலாயா' என்று எழுதி, அதை அழிக்காமல், அதற்குப் பக்கத்தில் 'மலேசியா' என்று எழுதினார். தெற்கே இந்தோனேசிய அதிபர் சுகார்னோ அந்தப் பெயரை நசுக்குவேன் என்கிறார், கிழக்கே பிலிப்பைன்ஸ் சபாவைத் தன்னுடையது என்கிறது, ஆக நம் நாட்டின் பெயரை நாமே சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, வகுப்பு முழுவதையும் மூன்றுமுறை உரக்கச் சொல்லவைத்தார். பெயர்களில் அவர் அவ்வளவு கண்டிப்பானவர் என்பதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அடுத்த மாதமோ அதற்கு அடுத்த மாதமோ கல்வி இலாகாவிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். அன்று தரைப்படம் இல்லை. போருக்கு முன் அச்சிட்டுத் துணியில் ஒட்டிய பெரிய உலகப் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தது. ஆசிரியர் கம்பால் தொட்டுக் காட்டிக்கொண்டே, நம் நாட்டுக்குத் தெற்கே சிங்கப்பூரைக் கடந்தால் இந்தோனேசியா, மேற்கே மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ரா, "வடக்கே சயாம்" என்றார். நான் கையைத் தூக்கினேன். முடிதிருத்தும் கடைக்குப் போகும்போதெல்லாம் நாளிதழை எழுத்துக்கூட்டி முடிப்பவன் நான். மலாயாவும் தாய்லாந்தும் பிலிப்பைன்சும் 1961 இல் கூட்டமைப்பு ஒன்றை அமைத்ததிலிருந்து அந்தப் பெயர் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"சயாம் இல்லை, ஐயா. தாய்லாந்து."

வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்டரும் சிரித்தார். கெட்டிக்காரப் பையன் என்று என் முதுகில் தட்டி, என் பெயரைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, இப்படிப் பழைய படத்தை வைத்துப் பாடம் நடத்தினால் பிள்ளைகள்தாம் ஆசிரியருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று மலாயில் ஏதோ வேடிக்கையாகச் சேர்த்தார். ஆசிரியரின் கம்பு படத்தின்மேல் அதே இடத்தில் இருந்தது. "சரிதான், உட்கார்" என்றார். குரலில் கோபம் இல்லை.

இரவு சாப்பிடும்போது நடந்ததை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவங்கப்பா சயாமுக்குப் போனவருடா. அந்தப் புள்ளைக்கு அப்ப ஒம்போது வயசு இருக்கும். ஜப்பான்காரன் லாரியில ஏத்திக்கிட்டுப் போனான், மழைக்காலத்துல காலராவுல போயிட்டாருன்னு திரும்பி வந்த ஆளு சொல்லிச்சு. நம்ம லயத்துல யாரும் அவரு முன்னால அந்தப் பேச்ச எடுக்கமாட்டாங்க." போர்க்காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் நம் ஆட்களையும் போர்க்கைதிகளையும் வைத்துப் போட்ட, 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நம் தோட்டங்களில் அதைச் சயாம் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவார்கள். சயாமுக்குப் போனார் என்றால் அதற்குமேல் கேட்கக் கூடாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அரசாங்கக் கணக்குப்படி நான் சொன்னதுதான் சரி. 1939 இலேயே சயாம் தாய்லாந்தாகிவிட்டது. போர் முடிந்ததும் கொஞ்ச காலம் மீண்டும் சயாம், 1949 இல் மறுபடியும் தாய்லாந்து. அவருடைய தந்தையை லாரியில் ஏற்றிய நாளிலும் அந்நாட்டின் பெயர் தாய்லாந்துதான். ஆனால் அந்தப் பெயருள்ள இடத்தில் அவருடைய தந்தை சாகவில்லை.

மறுநாள் வகுப்புக்கு வந்ததும் அவர் என்னை அழைத்து, வெட்டிவைத்திருந்த வெள்ளைக் காகிதத் துண்டைக் கொடுத்து, தாய்லாந்து என்று அழகாக எழுதச் சொன்னார். எழுதினேன். டிபன் கேரியர் மூடியில் கொண்டுவந்திருந்த சோற்றுப் பருக்கைகளை விரலால் மசித்து, காகிதத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தடவி, படத்தின்மேல் தாமே ஒட்டி, உள்ளங்கையால் நெடுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆண்டுக் கடைசி மழையில் சுவர் ஈரம் கண்டு அந்தத் துண்டு உதிர்ந்துவிட்டது. திரும்ப ஒட்டும்படி அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னை மன்னியுங்கள் ஐயா என்று சொல்ல எனக்கு அந்த ஆண்டில் இன்னும் சில நாட்கள் இருந்தன. நான் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு பட்டணத்துப் பள்ளியில் புகுமுக வகுப்புக்கு நான் போய்வர பஸ் காசு கொடுத்தவரும் அவர்தான். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அவர் வீட்டு வாசலில் போய் நின்று அதை வாங்கிக்கொண்டபோதும் சொல்லவில்லை.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கு வந்து, முப்பது ஆண்டுகள் வரைபடங்களில் பெயர் திருத்தும் வேலையைச் சம்பளத்துக்குச் செய்தேன். சிலோன் இலங்கைக் குடியரசானபோது தமிழனுக்கு எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பர்மா மியன்மார் ஆனபோது எதிர்த்தரப்பினர் அதை ஏற்கவில்லை. எங்கள் தெருமுனைக் கிரேக்கக் கடைக்காரர் மாசிடோனியா என்று அச்சிட்டிருந்த என் நில வரைபட நூலை ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அது கிரேக்கரின் பெயர் என்ற கோபத்தில் எனக்குக் காய்கறி நிறுப்பதை நிறுத்திவிட்டார். அந்நாடு 1993 இல் 'முன்னாள் யூகோஸ்லாவிய' என்ற அடைமொழியோடுதான் ஐ.நா. சபைக்குள் நுழைய முடிந்தது. 2019 இல் 'வட மாசிடோனியா' என்று ஒத்துக்கொள்வதற்குள் கடைக்காரர் காலமாகிவிட்டார். என் மருமகள் சிலி நாட்டுக்காரர். அமெரிக்கா ஒரே கண்டம், அதை இரண்டாக வெட்டியது ஆங்கிலேயர் பழக்கம் என்று பேரனின் வீட்டுப்பாடத்தில் ஏழு கண்டங்கள் என்றிருந்ததை அவர் ஆறாகத் திருத்த, ஆசிரியை அதை மறுபடி ஏழாகத் திருத்தி அனுப்பினார். ஆஸ்திரேலியாவோ 2006 முதல் காற்பந்தில் ஆசியா. அதற்குத் தலைமையகம் நம் கோலாலம்பூர். 2015 இல் ஆசியக் கிண்ணத்தையும் இவர்களே வென்றார்கள்.

மலேசியா என்ற பெயரைப் பற்றியும் ஐயாவிடம் சொல்லியிருக்க வேண்டும். 1831 இல் டூமோன் டூர்வில் என்னும் பிரெஞ்சுக் கடலோடி பசிபிக் உலகத்தைப் பிரித்தபோது மைக்ரோனேசியா, மெலனேசியா ஆகியவற்றோடு மலேசியா என்ற பெயரையும் முன்வைத்தார். நம் தீவுக்கூட்டம் அவர் கணக்கில் ஓசியானியாவின் ஒரு பகுதி. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நான் கண்டம் விட்டுக் கண்டம் போகவே இல்லை. அம்மாவின் சாவுக்கு வர இயலாமல் போனபோது இந்தக் கணக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

1994 ஜூலையில் வேலை நிமித்தம் பாங்காக் போனவன் ஒருநாள் விடுப்பெடுத்துக்கொண்டு, அந்த ரயில் பாதை போன காஞ்சனபுரிக்குப் போனேன். அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள், பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என்று வரிசை வரிசையாக, கல்லுக்குக் கல் பெயரும் வயதும் பொறித்துக் கிடக்கிறார்கள். அந்த வரிசைகளில் ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லை. நம் ஆட்களுக்குப் பெயர் எழுதிய கல் யாரும் நடவில்லை. வாசலில் இருந்த கடையில் அந்த ரயில் பாலத்தின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்றை வாங்கி, நலம், நலமறிய ஆவல், தாய்லாந்து வந்திருக்கிறேன் என்று மூன்று வரி எழுதி, பழக்க தோஷத்தில் தெலுக் ஆன்சன் என்று முகவரியிட்டு அஞ்சலில் சேர்த்தேன். மன்னிப்பு என்ற சொல்லுக்கு அட்டையில் இடம் இருந்தது.

ஆறு வாரங்கள் கழித்துப் பெர்த்துக்கு அவருடைய பதில் வந்தது. கரும்பலகையில் பார்த்த அதே உருண்டை எழுத்து.

"தம்பிக்கு, அட்டை கிடைத்தது. நம் ஊருக்குத் தெலுக் இந்தான் என்று பெயர் மாறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இனிமேல் அப்படியே எழுதவும்; பழைய பெயரைப் போட்டால் கடிதம் சுற்றிக்கொண்டு வருகிறது. இங்கே எல்லாரும் நலம். சயாமில் இப்போது மழையா?"

நான் போன அன்று அங்கே விடாமல் மழை பெய்தது. அதை அவருக்கு நான் எழுதவில்லை.