பிள்ளை திக்கினால் நாக்கில் வசம்பு தேய்க்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளில் இன்னும் திக்கும் பிள்ளைக்கு நாக்கில் வசம்பு தேய்க்கிறார்கள். பாட்டிமார்கள் அன்பில் செய்வதுதான். ஆனால் திக்குவாய் நாக்குத் தடிப்பால் வருவதில்லை, பயந்ததாலும் வருவதில்லை. பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளை வேலையில் உள்ள வித்தியாசம் அது. குடும்ப வழியாகவும் வரும். எங்கள் வீட்டில் மாமாவுக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பல பிள்ளைகளுக்குத் தானாகச் சரியாகிவிடும். ஆனாலும் மாதக்கணக்கில் நீடித்தால் சும்மா இருக்க வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, பெரிய மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். சிட்னியில் உருவான லிட்கம் முறையில், 6 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அம்மா அப்பாவே தினமும் வீட்டில் பயிற்சி கொடுக்கிறார்கள். பிள்ளை திக்காமல் பேசும்போது பாராட்டுவதுதான் அதில் முக்கியம்.

பெரியவர்களுக்கு வேறு வழி. சொல் சிக்கும்போது முட்டித் தள்ளாமல், அந்த ஒலியிலேயே நின்று, இறுக்கத்தைத் தளர்த்தி மெதுவாக வெளியே வருவது. இந்த முறையை உருவாக்கிய அமெரிக்கப் பேச்சு நிபுணர் சார்ல்ஸ் வான் ரைப்பரும் திக்கியவர்தான்! எனக்கு இது உதவுகிறது. திக்கல் போகவில்லை, போராட்டம் குறைந்திருக்கிறது. கல்யாண வீட்டில் இப்போது நானே போய்ப் பேசுகிறேன்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து எங்கள் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். "மெதுவா பேசுப்பா" என்றும் வேண்டாம். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள், போதும்.

கடிதம் வாங்குவது பற்றிக் கேட்க வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள். போனிலும் பேசலாம், கொஞ்சம் நேரம் எடுக்கும்.