குதிரை சவாரி தெரபிக்குப் போகும் முன் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் எட்டாவது முறையாகக் குதிரையில் உட்கார்ந்தான். ஒரு முறைக்கு 20 நிமிடம்தான். இதற்காக நான் தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும் வரை அலைந்தேன். அதில் பாதி அலைச்சல் தேவையே இல்லாதது. மதுரைப் பக்கம் இதே யோசனையில் இருக்கும் அப்பா அம்மாக்கள் என்னைப் போல் அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மகனுக்கு 7 வயது. சி.பி. (செரிப்ரல் பால்ஸி, பெருமூளை வாதம்), இரண்டு காலிலும் இறுக்கம். வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடப்பான். எழுந்து நின்றாலே இரண்டு தொடையும் கத்தரிக்கோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் இப்படிப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

குதிரை தெரபி பற்றி எங்கேயோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு, பிசியோ மேடத்திடம்கூடக் கேட்காமல் நானே இடம் தேடினேன். அதுதான் முதல் தப்பு. ஊருக்கு வெளியே சவாரி சொல்லிக்கொடுக்கும் ஓர் இடம் கிடைத்தது. போனில் கேட்டதற்கு, "ஸ்பெஷல் குழந்தைங்களும் வர்றாங்க மேடம், கூட்டிட்டு வாங்க" என்றார்கள். எந்தக் காகிதமும் கேட்கவில்லை. அன்றைக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. இப்போது சொல்கிறேன், காகிதம் கேட்காத இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

உயரமான குதிரை, அகலமான வயிறு, கெட்டியான தோல் சேணம். கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு ஆள். ஏறுவதற்கு மேடை கிடையாது. இரண்டு பேர் தரையிலிருந்து தூக்கி மேலே வைத்தார்கள். வீட்டில் ஒரு சாண் விரிக்கவே பத்து நிமிடம் நீவிவிட வேண்டிய தொடைகளை ஒரே இழுப்பில் விரித்து உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? வீறிட்டு அழுதான். இறக்கிவிடுங்கள் என்று சொன்னேன். "பழகிடும் தாயி, முதல் நாள் எல்லாப் பிள்ளையும் அழும்" என்று சொல்லிக்கொண்டே அவர் இன்னொரு சுற்று நடத்தினார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த இன்னொரு சுற்றை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. இரண்டு ராத்திரி அவன் வலது தொடையைத் தொடவிடவில்லை.

விஷயம் தெரிந்ததும் பிசியோ மேடம் என்னைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. சி.பி. பிள்ளைகளுக்குத் தசை இறுக்கத்தாலேயே தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். வெளியே தெரியாது, வலியும் இல்லாமல் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து, எத்தனை சதவீதம் நகர்ந்திருக்கிறது என்று அளந்து பார்த்தால்தான் தெரியும். 30 சதவீதத்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டிய நிலை. நழுவும் இடுப்போடு குதிரையில் ஏற்றினால் நாமே கெடுத்ததாகிவிடும். டவுன் சின்ட்ரோம் பிள்ளைகள் என்றால் கழுத்தைப் பார்க்க வேண்டும், மேல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவே தளர்வு இருக்கலாம். வலிப்பு அடங்காத பிள்ளைகளை ஏற்றவே கூடாது. இவ்வளவையும் எனக்கு அந்த முதல் இடத்தில் யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

மேடமே இன்னோர் இடம் சொன்னார். யானைமலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம். வாரத்தில் இரண்டு நாள் அங்கே ஒரு பிசியோ வருகிறார். சாதாரண டவுன் பஸ்ஸில் மகனுக்கும் கூடப் போகும் எனக்கும் டிக்கெட் இல்லை. ஆனால் விலக்கில் இறங்கி உள்ளே போக ஆட்டோதான். மருத்துவச் சான்று, யு.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), ஆதார் எல்லாம் ஃபைலில் போட்டுக்கொண்டு போனேன். கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஊனம் எத்தனை சதவீதம்னுதான் இருக்கு. குதிரையில உட்காரலாமா கூடாதான்னு இல்லையே அக்கா. எலும்பு டாக்டர் லெட்டரும் ஆறு மாசத்துக்குள்ள எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயும் வேணும்" என்றார் அங்கிருந்த பெண். மகன் வேலிக்கு வெளியே நின்று குதிரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். வழியெல்லாம் பேசவில்லை.

அப்புறம் ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே மாட்டிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டார்கள், குதிரை சவாரிக்கு லெட்டர் வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். "அதுக்கெல்லாம் இங்க லெட்டர் குடுக்கிறதில்ல, ஸ்போர்ட்ஸ்னா வேற எடம்" என்று சீட்டே போடவில்லை. பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது எதை விளக்குவது? வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த முறை சீட்டு கிடைத்தது, டாக்டர் கேம்ப் போய்விட்டார். மூன்றாவது முறை டாக்டர் இருந்தார். எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார், எடுத்தும் விட்டோம். ஆனால் படத்தை வெள்ளைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு யானைமலைக்குப் போனால், இதில் அளக்க முடியாது, ஃபிலிம் வேண்டும், இல்லையென்றால் சி.டி. வேண்டும் என்றார்கள். மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் பஸ். பங்குனி வெயிலில் அவனைத் தூக்கிக்கொண்டு விலக்கில் நின்றபோது அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் வழி சொன்னது பிசியோ மேடம்தான், எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். குதிரை என்ற வார்த்தையோடு வரிசையில் நிற்காதீர்கள். சீட்டு போடும்போது "சி.பி. பிள்ளை, இடுப்பு செக்கப்" என்று மட்டும் சொல்லுங்கள், அது பொய் இல்லை. பிசியோவிடம் ஒரு பக்கத்துக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கால்களை விரித்து 20 நிமிடம் உட்காரலாமா, இடுப்பு எத்தனை சதவீதம் நகர்ந்திருக்கிறது, முதுகு வளைவு உண்டா, வலிப்பு உண்டா. ஒவ்வொன்றுக்கும் எதிரே டாக்டர் பதில் எழுதிக் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கட்டும். அவர்களுக்கும் லெட்டர் எழுத நேரம் இருக்காது, பதில் எழுத இரண்டு நிமிடம் போதும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. இடுப்பு நகர்ந்திருந்தது வலது பக்கம் 22 சதவீதம், இடது பக்கம் 18. கூடாது என்று சொல்லும் அளவுக்கு இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். ஃபிலிமும் கேட்டு வாங்கினேன்.

இதற்கிடையே வீட்டில் அவர் வேறு, குதிரை ஏறினால் கால் சரியாகிவிடுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டென்மார்க்கில் லிஸ் ஹார்டெல் என்று ஒரு பெண் இருந்தாராம். 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயல் இல்லை. பிறர் கைகொடுத்துத்தான் குதிரையில் ஏறவும் இறங்கவும் முடியும். அவர் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆண்களோடு போட்டியிட்டுக் குதிரையேற்றத்தில் வெள்ளி வாங்கினார். மேடம் இதை என் கணவரிடம் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை, ஆனால் முதல் நாள் லீவு போட்டுக் கூட வந்தார்.

அந்த முதல் நாளை எப்படிச் சொல்ல! சிமென்ட் மேடை, சரிவுப் பாதை. வாக்கரோடு அவனே மேடை ஏறினான். ஒல்லியான வயிறு உள்ள வயதான பெண் குதிரை. சேணம் இல்லை, தடித்த மெத்தையும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உள்ள பட்டையும் மட்டும். குதிரையின் உடம்பு நம்மைவிட ஒரு டிகிரி போல சூடு, அந்தச் சூடு மெத்தை வழியாகத் தொடைக்கு ஏறி இறுக்கத்தை இளக்குகிறது. முன்னால் கயிறு பிடிக்க ஒருவர், இரண்டு பக்கமும் தொடையில் கை வைத்து நடக்க இருவர். பிசியோ தனி. முதலில் குப்புறப் படுக்க வைத்தார்கள், பிறகு மெல்ல உட்கார வைத்தார்கள். அழவில்லை.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாக, பக்கவாட்டில், மேலும் கீழுமாக அசைகிறது. நாம் நடந்தால் நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். நிமிடத்துக்கு 100 அடி என்றால் 20 நிமிடத்தில் 2,000 முறை, சரியாக நடந்தே அறியாத அவன் இடுப்பு நடையை உணர்கிறது. எந்த மெஷினில் இது கிடைக்கும்?

எட்டு வாரத்தில் அவன் ஓடிவிடவில்லை. தரையில் சம்மணம் மாதிரி உட்கார்ந்து, சுவரில் சாயாமல் ஒரு தோசை முழுசாகச் சாப்பிடுகிறான். டிரவுசர் மாட்டும்போது தொடை விலகிக் கொடுக்கிறது. சவாரி முடிந்த கையோடு கொஞ்ச நேரம் தசை இளகியிருக்கும், ஸ்ப்ளின்ட் (காலை நேராகப் பிடித்து வைக்கும் அச்சு) போடவும் நீவிவிடவும் அதைத் தவறவிடாதீர்கள். சித்திரைத் திருவிழாவில் தங்கக் குதிரையில் அழகர் வந்தபோது, "அழகருக்கும் பக்கத்துல ஆள் நடக்குறாங்கம்மா" என்று என் தோளிலிருந்து கத்தினான். சுற்றி இருந்தவர்களுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது.

நம்ம ஊர் வெயிலுக்குக் காலை 8 மணிக்குள் முடிகிற மாதிரி நேரம் கேளுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், தொடையில் தையல் உறுத்தும். மெல்லிய பருத்தி முழுக்கால்சட்டை போடுங்கள். டயாபர் மடிப்பைச் சரிபார்த்து ஏற்றுங்கள். ஹெல்மெட்டை இரண்டு நாள் முன்னாலேயே வீட்டில் மாட்டிப் பழக்குங்கள், எங்களுக்கு முதல் நாள் கால் மணி நேரம் அதிலேயே போனது. அடுத்த எக்ஸ்ரே ஆவணியில். பிசியோ எழுதிய தாளை இப்போதே நாலு பிரதி எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறேன்.