டெம்பிள் மலையில் கோயில் இல்லை

"டெம்பிள் மலைக்குப் போறோம்மா" என்று போனில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்த சாமி?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர் போளூர் பக்கம். மலை என்றால் பருவதமலை. ஏறுவது என்றால் பௌர்ணமி இரவில் கூட்டத்தோடு கூட்டமாகக் கடப்பாறைப் படியில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து, மேலே மல்லிகார்ஜுனரைக் கும்பிட்டுவிட்டு இறங்குவது. உச்சியில் சாமி இல்லாத மலையில் யார் எதற்கு ஏறுவார்கள்? கனடாவில் கல்கரிக்கு வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான். மூன்றாவது கோடையில் நானே ஒரு ஹெல்மெட் வாங்கிவிட்டேன்.

இங்கே ஸ்கிராம்பிளிங் என்று ஒன்று சொல்வார்கள். நடையும் இல்லை, கயிறு கட்டி ஏறுவதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். கால் மட்டும் போதாத இடத்தில் கையையும் ஊன்றிப் பாறையில் தொற்றி ஏற வேண்டும். பருவதமலை ஏறியவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ராக்கி மலையில் சங்கிலி இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

மலையைவிடக் கஷ்டம் அங்கே போய்ச் சேர்வது. டெம்பிள் மலை ராக்கி மலைத்தொடரில், பான்ஃபில் இருக்கிறது. பான்ஃப் கனடாவின் முதல் தேசியப் பூங்கா, 1885இல் தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அதில் பாதிப் பேராவது மொரெய்ன் ஏரியைப் பார்க்காமல் போக மாட்டோம் என்கிறார்களோ என்று தோன்றும். பழைய இருபது டாலர் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த ஏரி அது. நாங்கள் ஏறத் தொடங்க வேண்டியதும் அதன் கரையிலிருந்துதான். 2023 முதல் அந்தச் சாலையில் சொந்தக் காரை விடுவதில்லை. லேக் லூயீஸ் பனிச்சறுக்கு மைதானத்தில் காரை விட்டுவிட்டுப் பூங்காவின் பேருந்தில் போக வேண்டும். இருக்கைகளில் பெரும்பகுதியை இரண்டு நாளைக்கு முன், காலை 8 மணிக்குத்தான் முன்பதிவுக்குத் திறப்பார்கள். திருப்பதி முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட்டில் பழகிய கை. 7.55க்கே இரண்டு லேப்டாப், மூன்று போனோடு உட்கார்ந்தோம். கிடைத்தது.

நாங்கள் மூன்று பேர்: நான், மதுரைக்கார அறைத்தோழன், அவனோடு வேலை பார்க்கும் பஞ்சாபி நண்பர். ஏரிக்கரையில் இறங்கியதும்தான் அடுத்த சிக்கல். மேலே உள்ள லார்ச் பள்ளத்தாக்கில் கிரிஸ்லி கரடி நடமாட்டம் இருக்கும் கோடை நாட்களில், குறைந்தது நான்கு பேராகச் சேர்ந்து நெருக்கமாக நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிடுவார்கள். மீறினால் அபராதம். சீட்டாட்டத்துக்கு ஒரு கை குறைகிற மாதிரி, பாதை தொடங்கும் இடத்தில் நின்று ஆள் தேடினோம். எங்களைப் போலவே நின்றுகொண்டிருந்தார், அறுபதைத் தாண்டிய ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஏற்கெனவே இரண்டு முறை உச்சியைப் பார்த்தவராம். "நான் நாலாவது ஆள்" என்றார். அவ்வளவுதான் அறிமுகம்.

ஏரி 1,884 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சென்டினல் கணவாய் 2,611. அங்கே வரைக்கும் வளைந்து வளைந்து போகும் நல்ல பாதைதான். கணவாயில் உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறந்தோம். ஆசிரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எந்த சாமி என்று அம்மா கேட்டதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "கோயில் இல்லை, அது ஒரு ஆளின் பெயர். சர் ரிச்சர்ட் டெம்பிள். உங்கள் நாட்டில்தான் ஏதோ பெரிய அதிகாரியாக இருந்தவர்" என்றார்.

அங்கிருந்து மேலே பாதை என்று ஒன்று இல்லை. சரளைக் கல். இரண்டு அடி வைத்தால் ஒரு அடி கீழே சறுக்கும். உச்சி 3,544 மீட்டர். இடையில் நிறத்தை வைத்தே பெயர் சொல்லும் மூன்று பாறைப் பட்டைகளைக் கடக்க வேண்டும். முதலில் வருவது சாம்பல் பட்டை, கடினமான இடமும் அதுதான். அதன் அடியில் வரிசை நின்றது. ஆமாம், வரிசை! இருபது பேராவது இருப்பார்கள். டென்னிஸ் ஷூவோடு ஒருவர், தோளில் ஸ்பீக்கரோடு ஒருவர். இந்தப் பாறை உறுதியானது இல்லை. கை வைத்த கல் கையோடு வரும். மேலே ஒருவர் தட்டிவிட்டால் கீழே நிற்கிறவர் தலைக்குத்தான். "ராக்!" என்று ஒரு குரல் கேட்டது, நிமிர்ந்து பார்க்காதே என்று ஆசிரியை கத்தினார். தேங்காய் அளவுக் கல் ஒன்று எனக்கும் மதுரைக்காரனுக்கும் நடுவே எகிறிப் போனது. அதன் சத்தம் கீழே வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

1955 ஜூலையில் இதே தென்மேற்கு முகட்டில் பனிச்சரிவில் சிக்கி அமெரிக்கச் சிறுவர்கள் ஏழு பேர் இறந்திருக்கிறார்கள். அதை ஆசிரியை அந்த நேரத்தில்தானா சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, "இத்தனை தலைக்குக் கீழே நான் நிற்க மாட்டேன், இறங்குகிறேன்" என்றார். பள்ளத்தாக்கில் நான்கு பேர் வேண்டுமே! நாங்களும் இறங்கினோம். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த உத்தரவு வசதியாகப் போயிற்று.

இரவு வீட்டுக்கு வந்து அந்த டெம்பிளைத் தேடிப் படித்தேன். 1884இல் ராக்கி மலைக்கு வந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் என்பதால் மலைக்கு அவர் பெயர். அதற்கு ஏழு ஆண்டுக்கு முன், 1877இல், சென்னை மாகாணத்துக்குப் பஞ்சத்தைப் பார்வையிட வந்தவரும் அவரே. நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்தார். 'டெம்பிள் கூலி' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். காலையில் புளியோதரைக்கு நான் அளந்து போட்ட அரிசி கிட்டத்தட்ட அதே அளவு. அது போக முந்திரி, சாக்லேட், வாழைப்பழம்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். தாது வருஷம் என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய பாட்டி சொல்லிக் கேட்ட பஞ்சம். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த ஆளு பேரு வச்ச மலைக்கா டிக்கெட் வாங்கிட்டுப் போய் ஏறுன?"

"பாதிதாம்மா ஏறினேன்."