கல்லூரியில் சேருமுன் பட்டறையைத் தேடுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் மெட்ரிக் (12ஆம் வகுப்பு) முடித்த பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எலெக்ட்ரிக்கலுக்கு எந்த காலேஜ் நல்லது?" என்பதுதான். டர்பனில் அரசு டிவெட் கல்லூரிகளுக்கு, அதாவது தொழிற்கல்விக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. தெக்வினி, கோஸ்டல் இரண்டுக்குமே பல வளாகங்கள் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். சேர்ந்த பிறகுதான் சிக்கல்.

நான் படித்தது 'என்' (N) வரிசைப் பாடங்கள், அதாவது என்1, என்2 என்று நிலை நிலையாகப் போகும் படிப்பு. பொறியியலில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பருவம். ஏப்ரல், ஆகஸ்ட், நவம்பரில் தேர்வு. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழகினால் தேறிவிடலாம். அப்படித் தேறி, மோட்டாரை இயக்கும் கான்டாக்டர் சுவிட்ச் ஒன்றைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் என்3 முடித்தவர்கள் என் வகுப்பிலேயே நிறையப் பேர். வேலை கொடுப்பவர் கேட்பதோ ரெட் சீல், அதாவது டிரேட் டெஸ்ட் தேறிய சான்றிதழ். அந்த டெஸ்டுக்குப் போக, அப்ரென்டிஸாக வேலை செய்து, தகுதி பெற்ற ஆர்ட்டிசன் (தொழில்வினைஞர்) கையெழுத்திட்ட லாக்புக், அதாவது வேலைப் பதிவேடு வேண்டும். இப்போது என்1 முதல் என்3 வரை படிப்படியாக நிறுத்தி, வேலையிடப் பயிற்சியையும் சேர்த்த புதிய தொழிற்சான்றிதழ்களைக் கொண்டுவருகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கும் பட்டறை வேண்டுமே!

அதனால் விண்ணப்பம் போடும் முன்பே மொபெனி, ஜேக்கப்ஸ், பைன்டவுன் தொழிற்பேட்டைகள் பக்கம் ஒரு சுற்று போய் வாருங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: அப்ரென்டிஸ் வைக்க செட்டாவின் (துறைவாரித் திறன் பயிற்சி அமைப்பு) அனுமதி இருக்கிறதா? கையெழுத்துப் போட ரெட் சீல் உள்ளவர் இருக்கிறாரா? ஆண்டுச் சம்பளப் பட்டியல் 5,00,000 ராண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் 1 சதவீதத்தைத் திறன் வரியாகக் கட்டுகின்றன. அப்ரென்டிஸ் எடுத்தால் செட்டாவிடம் மானியம் கேட்கலாம் என்பது சின்ன கான்ட்ராக்டர்கள் பலருக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் அதை ஒரு வரி எழுதுங்கள். வெறும் மார்க் ஷீட்டைவிட அந்த வரிக்கு மதிப்பு அதிகம்.

டெஸ்டில் முக்கியம் வயரிங்கும் பழுது கண்டுபிடிப்பதும். மோட்டாருக்கான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரையும் ஃபார்வர்ட்-ரிவர்ஸ் இணைப்பையும் படம் பார்க்காமல் வயர் செய்யும் அளவுக்குக் கை பழக வேண்டும். மின்சாரம் கொடுக்கும் முன் மெகரால் இன்சுலேஷன் சோதிக்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள். சர்க்யூட் ஓடினாலும், பாதுகாப்பில் தவறினால் போச்சு.

அப்புறம், ரெட் சீலோடு நின்றுவிடாதீர்கள். 2023-இல் லோட் ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது வீட்டுக்கு வீடு சோலார் போட்டார்கள். பேனல் மாட்ட ஆள் கிடைத்தது; வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்று, அதுதான் சிஓசி, எழுதிக் கொடுக்கத்தான் ஆள் தேடி அலைந்தார்கள். வீடு விற்றாலும் அந்தச் சான்று வேண்டும். அதில் கையெழுத்திட வயர்மேன் லைசென்ஸ் தேவை. இன்ஸ்டலேஷன் ரூல்ஸ் இரண்டு தாள்களையும் தேறி, தொழிலாளர் துறையில் பதிய வேண்டும். கல்லூரியில் இதைப் பற்றி எங்களிடம் யாரும் மூச்சுவிடவில்லை.

ஏற்கெனவே மாமாவின் பக்கியில் (பிக்கப் வண்டி) ஏறி ஆண்டுக்கணக்காக வயரிங் வேலை பார்ப்பவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அவர்களுக்கு ஆர்ப்பல் வழி இருக்கிறது: அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டி, குறையை மட்டும் நிரப்பிக்கொண்டு நேராக டிரேட் டெஸ்டுக்குப் போகலாம். செய்த வேலையின் படம், பில், மேற்பார்வையாளர் கடிதம் எல்லாவற்றையும் இன்றிலிருந்தே ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள்.