இருக்கக் கூடாத லிஃப்ட்

லிஃப்ட் என்றால் ஒரு பெட்டி இருக்கும், ஏறி நின்றால் மேலே போகும் என்பதுதான் இத்தனை வருடமாக எனக்குத் தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் போல்கன் என்ற பனிச்சறுக்குச் சரிவின் அடிவாரத்தில் நான் பார்த்த லிஃப்ட்டில் பெட்டியும் இல்லை, இருக்கையும் இல்லை. தலைக்கு மேலே ஒரு இரும்புக் கயிறு ஓடுகிறது, அதிலிருந்து தலைகீழ் டி எழுத்து மாதிரி ஒரு கம்பி தொங்கிக்கொண்டு வருகிறது, நாம் காலில் ஸ்கீயை, அதாவது சறுக்கும் நீளப் பலகைகளை, மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், அது பின்னால் வந்து இடித்து அப்படியே பனியில் நம்மை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். ஜெர்மனில் இதை நங்கூர லிஃப்ட் என்றும் சொல்வார்களாம். கப்பல் மூழ்கின கதையை அப்புறம் சொல்கிறேன்.

அலுவலக வேலையாக ஆறு மாதம் சூரிச்சில் இருந்தேன். அங்கே பழக்கமான நண்பர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், சுவிஸுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஒரு தடவைகூட ஸ்கீயில் கால் வைத்ததில்லை. "இவ்வளவு காசு குடுத்து விழுறதுக்கு எனக்கென்ன விசரே?" என்பார். அவருடைய ஒன்பது வயது மகள் நேர் எதிர். பள்ளிக்கூடத்திலேயே பனிச்சறுக்கு முகாமுக்குக் கூட்டிப் போகிறார்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது மாதிரி சறுக்குகிறாள். அவள்தான் என் குரு. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மூன்று பேருமாகக் கிளம்பினோம். லண்ட்குவார்ட்டில் இறங்கி சிவப்பு ரயிலுக்கு மாற வேண்டும், மீட்டர் கேஜ், நம் பக்கம் அகலப்பாதையாக்கித் தொலைத்துவிட்ட அதே அளவு. அது வளைந்து வளைந்து ஏறி 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கும் டாவோஸில் கொண்டுபோய் விட்டது.

முதல் சோதனை வாடகைக் கடையில். உயரம், வயது, எடை எல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். எடையை மட்டும் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். விழும்போது பூட்ஸை ஸ்கீ எப்போது விட வேண்டும் என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் திருகி வைக்கிறார்கள். குறைத்துச் சொன்னால் தேவையில்லாத நேரத்தில் கழன்றுகொள்ளும். நான் உண்மையைச் சொன்னேன், நண்பர் சிரித்தார். அந்த பூட்ஸ் இருக்கிறதே, இரண்டு காலுக்கும் ஒரேயடியாக மாவுக்கட்டுப் போட்ட மாதிரி. கணுக்கால் மடங்காது. குதிகாலை முதலில் ஊன்றி டக் டக் என்று நடந்தால்தான் நகர முடியும். (ஒரு நாள் லிஃப்ட் சீட்டின் விலையை ரூபாயில் மாற்றிப் பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டேன்.)

போல்கன் சும்மா ஒரு பழகும் மேடு இல்லை என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்ற சூரிச் பொறியாளர் வடிவமைத்த லிஃப்ட் 1934 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், இந்தச் சரிவில்தான் ஓட ஆரம்பித்தது. முதலில் ஒருவரை மட்டும் இழுக்கும் ஜே வடிவக் கம்பி, பிறகுதான் இரண்டு பேருக்கான டி. அதற்கு முன்னால் பெரும்பாலும் மேலே போக ரயில் இருந்தால் ரயில், இல்லாவிட்டால் நடை, ஸ்கீயின் அடியில் வழுக்காமலிருக்க சீல் என்ற கடல் விலங்கின் தோலைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக ஏறிவிட்டுச் சில நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில்கூட 1894இல் இதே டாவோஸிலிருந்து உள்ளூர்க்காரர்களான பிராங்கர் சகோதரர்களோடு மலையைத் தாண்டி அரோசா என்ற ஊருக்கு அப்படித்தான் போனார். கான்ஸ்டம் செய்த நல்ல காரியம் கம்பிக்கும் மேலே ஓடும் கயிறுக்கும் நடுவில் ஒரு சுருள்வில் பெட்டியை வைத்ததுதான். கயிறு ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், கம்பி நம்மைப் பிடித்ததும் பெட்டியில் சுற்றியிருப்பது நூல்கண்டு மாதிரி கொஞ்சம் அவிழ்ந்து, அப்புறம் மெல்ல இறுகி இழுக்கும். அது இல்லையென்றால் வெடுக்கென்று இழுத்து முகம் குப்புறத் தள்ளிவிடும்.

அந்த அவிழ்கிற விஷயத்தில்தான் நான் மாட்டினேன்.

எங்கள் முறை வந்தது. நானும் குருவும் பக்கத்தில் பக்கத்தில். பின்னால் கம்பி வருகிறது. கடைசி நொடியில் அவள் சொன்னாள், "மாமா, இருக்கக் கூடாது!"

தஞ்சாவூர்க்காரன் காதில் அது எப்படி விழும்? இங்கே இருக்கக் கூடாது, தள்ளு என்றுதான் விழும். தப்பான இடத்தில் நிற்கிறோம் போலிருக்கிறது என்று பதறி ஒரு காலை முன்னால் வைத்தேன், கம்பி முழங்காலுக்குப் பின்னால் வந்து தட்டியது, மடங்கிய கால் அப்படியே உட்கார்ந்தது, சுருள்வில் தன் கடமையைச் செய்து தாராளமாக அவிழ்ந்துகொடுத்தது. பனியில் உட்கார்ந்த நிலையில் இரண்டு மீட்டர் இழுபட்டேன். ஒரு ஸ்கீ கழன்றது. (எடையை ஒழுங்காகச் சொன்னதற்குப் பலன்.) லிஃப்ட் நின்றது. மண்வெட்டியோடு நின்ற பணியாள் ஒன்றும் சொல்லாமல் வந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். மேலே பாதி வழியில் கம்பியைப் பிடித்து நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கீழே வேலியோரம் நண்பர் ஃப்ளாஸ்க் டீயோடு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கியது.

"இருக்கக் கூடாது எண்டு சொன்னனான்தானே, மாமா!"

அப்போதுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்தில் இருப்பது என்றால் உட்காருவது. வீட்டுக்குப் போனால் "இருங்கோ" என்று நாற்காலியைக் காட்டுவார்களே, அதே இரு. பிள்ளை மிகச் சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறது, அந்த லிஃப்ட்டின் மொத்த வித்தையே அதுதான். அது நாற்காலி இல்லை. பாரத்தை அதன் மேல் போடாமல் நம் காலிலேயே நின்றுகொண்டு, பின்னால் யாரோ தள்ளுவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அவளுக்கும் உயரம் பொருந்தாததால் அவள் இடுப்பைத் தாங்கிய கம்பி என் தொடையின் பின்பக்கத்தில்தான் அழுத்தியது. ஆனாலும் மூன்றாவது தடவையில் மேலே போய்ச் சேர்ந்தேன். இறங்குவதைவிட ஏறுவதுதான் கஷ்டம் என்று எனக்கு யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை. விழுந்து காலை உடைத்துக்கொண்ட கதைகளைச் சொல்கிற யாரும் லிஃப்ட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இறங்குவதற்கு ஒரே பாடம்தான். ஸ்கீ முனைகளை முன்னால் சேர்த்து, பின்னால் விரித்தால் வேகம் குறையும். பயிற்சியாளர்கள் பெரியவர்களிடம் "ப்ஃப்ளூக்" என்கிறார்கள், கலப்பை என்று அர்த்தம். பிள்ளைகளிடம் பீட்சா என்கிறார்கள். தாத்தா கையால் பிடித்த ஏரை நான் ஆல்ப்ஸில் காலால் பிடித்தேன். தொடை அன்று மாலை வரை எரிந்தது. ஏர் உழுதாலும் அப்படித்தான் எரிந்திருக்கும். இன்னொன்று, கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை, மேலிருந்து வருகிறவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும் என்பது சர்வதேச விதி. எனக்கு இதைவிட நிம்மதி தந்த சட்டம் கிடையாது. பார்லி சூப் குடித்துவிட்டு மறுபடி ஏறினேன், அந்தப் பக்கத்து விசேஷம், கெட்டியாக, நம் கஞ்சிக்குச் சொந்தக்காரன் மாதிரி.

இரண்டாம் நாள் யாகோப்ஸ்ஹார்ன் மலையில் நாற்காலி லிஃப்ட். இதில் இருக்கலாம்! நிலையத்துக்குள் வந்ததும் நாற்காலி பிரதான கயிற்றை விட்டுக் கழன்று நடக்கிற வேகத்தில் ஊர்கிறது, நாம் உட்கார்ந்த பிறகு மறுபடி கயிற்றைக் கவ்விக்கொண்டு கிளம்பும்போது நொடிக்கு 5 மீட்டர் வரை போகும். பாதுகாப்புக் கம்பியைக் கீழே இழுத்துவிட்டதும் சத்தமே இல்லை. கம்பங்களைத் தாண்டும்போது மட்டும் உருளைகள் மேல் கடகடவென்று ஒரு ஓசை. காலில் ஸ்கீயின் பாரம் தொங்குகிறது, அடியில் பனி போர்த்திய பைன் மரங்கள், யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறை ஒரு கிளையில். நல்ல சறுக்குகாரர்கள் எவ்வளவு வேகமாகக் கீழே போனாலும் திரும்ப வந்து இந்த அமைதியில் பத்து நிமிடம் உட்கார வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தப் பத்து நிமிடத்துக்காகவே சீட்டு வாங்கலாம் போலிருந்தது. "மாமா, இப்ப எழும்புங்கோ" என்ற குரல் கேட்டபோது சரியாக எழுந்து, சரியாகச் சறுக்கி, ஒரு நீலத் தடத்தின் முனையில் போய் நின்றேன். நீலம்தான் எளிது, பிறகு சிவப்பு, கறுப்பு. நீலத்திலேயே நாலு தடவை விழுந்தேன், அதை விடுங்கள்.

திரும்பும் ரயிலில் கூட்டம். நனைந்த கால்சட்டையோடு ஜன்னலோர இருக்கைக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேன், தொடை மடங்க மறுத்தது. குரு சாக்லேட்டை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள், இருக்கையைக் கையால் தட்டினாள்.

"இதில இருக்கலாம், மாமா."